குடும்ப வழக்குகளைக் கவுண்டி நியாயஸ்தலம் ஏற்பதற்கு வழி

டெக்ஸாஸ் மாநிலத்தில் 254 கவுண்டிகள் இருக்கின்றன. 2020ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி அவற்றுள் ஹாரிஸ் கவுண்டியில் வசித்தவர்கள் 47 லட்சத்துக்கு அதிகம். லவிங் கவுண்டியில் வசித்தவர்கள் 64 பேர். இவ்வளவு பேதமுள்ள பிரதேசங்கள் யாவற்றுக்கும் ஒரே மாதிரியான நியாயஸ்தல ஏற்பாடு பொருந்தாது என்பதை அந்நாட்டார் நெடுங்காலத்துக்கு முன்பே அனுபவத்தில் கண்டு, 1876ஆம் வருஷத்திய தங்கள் அரசியல் சட்டத்தை 1891இல் திருத்தி, சட்டசபையானது தேவையான இடத்தில் புதிய நியாயஸ்தலங்களை ஏற்படுத்தவும், அவற்றின் அதிகார எல்லையை வகுக்கவும், அதற்கு இசையப் பழையவற்றின் எல்லையை மாற்றவும் இடம் செய்துகொண்டார்கள். ‘கவுண்டி கோர்ட் அட் லா’ என்று இன்று வழங்கும் நியாயஸ்தலங்கள் அந்த அதிகாரத்தினின்று பிறந்தவையே. அவற்றுக்குக் குடும்ப வழக்குகளையும் விசாரிக்கும் உரிமையைச் சட்டசபையிடமிருந்து பெறுவது எப்படி, பெற்றபின் அதைக் குடும்பங்களுக்குப் பிரயோஜனப்படும்படி நடத்துவது எப்படி என்பவற்றையே இந்த அத்தியாயம் கூறுகிறது. அம்மாநிலத்தில் குடியேறி, பிரஜா உரிமையும் வோட்டும் பெற்று, தாங்கள் வாழும் கவுண்டியின் பொதுக் காரியங்களில் பங்கு கொள்ள விரும்பும் தமிழர்களை உத்தேசித்து எழுதியதாகையால், வக்கீல்களுக்கே விளங்கும் நுட்பங்களில் சிலவற்றை விட்டுவிட்டு, பொதுமக்கள் கேட்டுப் பெற வேண்டியவற்றை விரித்திருக்கிறேன்.

விவாகரத்து, குழந்தைகளின் பராமரிப்பு, தத்து, பெற்றோர் உரிமையை நீக்குதல் முதலிய வழக்குகளுக்கு டெக்ஸாஸில் இயல்பான இடம் டிஸ்ட்ரிக்ட் நியாயஸ்தலம். ஹாரிஸ், டாலஸ், டாரண்ட் போன்ற பெருங் கவுண்டிகளில் குடும்ப வழக்குகளுக்கென்றே தனி டிஸ்ட்ரிக்ட் நியாயஸ்தலங்கள் பல இருப்பதால், அங்கே வசிப்பவர்களுக்கு இந்த அத்தியாயத்தால் ஆக வேண்டியது அதிகம் இல்லை. மற்றொரு கோடியில், மேற்கு எல்லையில், 394ஆம் டிஸ்ட்ரிக்ட் நியாயஸ்தலத்தின் நீதிபதி ஒருவரே ப்ரூஸ்டர், பிரெஸிடியோ, ஜெஃப் டேவிஸ், கல்பர்சன், ஹட்ஸ்பெத் என்ற ஐந்து கவுண்டிகளுக்கும் பொறுப்பாளி. அவற்றுள் ப்ரூஸ்டர் ஒன்றே கனெக்டிகட் மாநிலம் முழுவதையும்விட விஸ்தாரமானது. இவ்விரண்டு கோடிகளுக்கும் இடைப்பட்ட கவுண்டிகளே நமக்கு விஷயம். அத்தகைய கவுண்டியில் டிஸ்ட்ரிக்ட் நீதிபதி ஒருவரோ இருவரோ இருப்பார்கள். கொலை, கொள்ளை முதலிய பெருங் குற்றங்களில் சிக்கிச் சிறையில் கிடப்பவர்களின் வழக்குகளை முதலில் தீர்க்க வேண்டிய கட்டாயத்தால், யாரும் சிறையில் இல்லாத விவாகரத்து வழக்கு வாய்தாவுக்கு மேல் வாய்தாவாகத் தள்ளிப் போகும். அதே கட்டடத்தின் மற்றொரு கூடத்திலோ, சட்டம் பயின்ற இன்னொரு நீதிபதி அமர்ந்திருப்பார். ஆனால் அவ்வழக்கைத் தொட அவருக்கு அதிகாரம் இராது.

டிஸ்ட்ரிக்ட் நீதிபதியின் சுமையைக் குறைப்பது நல்ல காரணமே. ஆயினும் அதைக் காட்டிலும் கனமான காரணம் ஒன்று உண்டு. கவுண்டியின் நிர்வாகத்தைக் கவனிக்கும் கமிஷனர்கள் முன்னிலையில் பேசப் போகிறவர்கள் அதையே முதலில் சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கணவனால் அடிக்கப்பட்ட ஒரு பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். குடும்ப வன்முறைக்கு எதிரான பாதுகாப்பு உத்தரவு பிறப்பிக்கும் அதிகாரத்தைக் குடும்பச் சட்டத் தொகுப்பின் 71ஆம் அத்தியாயம் டிஸ்ட்ரிக்ட் நியாயஸ்தலத்தோடு கவுண்டி நியாயஸ்தலங்களுக்கும் முன்பே அளித்திருக்கிறது. ஆகவே அவள் அந்த உத்தரவைக் கவுண்டி கோர்ட் அட் லாவில் பெறலாம். அடித்த கணவன்மேல் தொடரப்படும் தாக்குதல் வழக்கு, ஒரு வருஷத்துக்கு மேற்படாத கவுண்டிச் சிறைக்குரிய குற்றமாக இருப்பின், அதே நியாயஸ்தலத்துக்கு வரும். அந்த வீட்டுக் கலகத்தில் மனம் கெட்டுப் பையன் ஏதேனும் குற்றத்தில் சிக்கினால், கவுண்டியில் சிறார் விவகாரங்களைக் கவனிக்கும் ஜூவனைல் போர்டு அந்த நியாயஸ்தலத்தையே சிறார் நியாயஸ்தலமாக நியமித்திருக்கக் கூடுமாகையால், அவ்வழக்கும் அங்கேதான். ஆனால் அவள் விவாகரத்துக் கேட்டோ, குழந்தைகளைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்டோ மனுப் போட வேண்டுமென்றால், அந்தக் கூடத்தை விட்டு வெளியேறி, இந்தச் சம்பவங்களில் ஒன்றையும் அறியாத மற்றொரு நீதிபதியின் முன் நின்று, சாட்சிகளை மறுபடியும் அழைத்து, சொல்ல நாக்கூசும் விஷயங்களை மறுபடியும் ஆதியிலிருந்து சொல்ல வேண்டும். இரண்டு நீதிபதிகளின் உத்தரவுகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டு, ஒருவர் தகப்பன் குழந்தைகளை வாரந்தோறும் பார்க்கலாம் என்றும், மற்றவர் அந்த வீட்டை அவன் நெருங்கவே கூடாது என்றும் விதித்துவிட்டால், அந்த முரண்பாட்டை வாசலில் நின்று தீர்த்துவைக்க வேண்டிய பாரம் அந்தப் பெண்ணின் தலையில் விழுகிறது. ஒரு குடும்பத்தின் துயரம் முழுவதையும் ஒரே நீதிபதி தொடர்ந்து கேட்கும்படி செய்யலாம் என்பதே இந்த அதிகார விஸ்தரிப்பின் தலையாய நியாயம்.

அடுத்தபடியாக, பெயர் ஒற்றுமையால் வரும் மயக்கத்தைத் தெளிவித்துக்கொள்வது அவசியம். ஒவ்வொரு கவுண்டிக்கும் அரசியல் சட்டமே ஏற்படுத்திய கவுண்டி நியாயஸ்தலம் ஒன்று உண்டு. அதன் தலைவரான கவுண்டி ஜட்ஜ், நான்கு கமிஷனர்களோடு கூடிச் சாலை, பாலம், வரவு செலவுத் திட்டம் ஆகியவற்றைக் கவனிக்கும் கமிஷனர்கள் சபைக்கும் தலைவர். அவர் வக்கீலாக இருக்க வேண்டுமென்ற நிபந்தனை இல்லை. அந்த நியாயஸ்தலத்துக்கு விவாகரத்து வழக்கில் அதிகாரம் இல்லை என்று அரசாங்கச் சட்டத் தொகுப்பின் 26.043ஆம் பிரிவு வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறது. நாம் பேசுவது அதைப் பற்றியன்று. சட்டசபை தனிச் சட்டத்தால் உண்டாக்கிய கவுண்டி கோர்ட் அட் லாவின் நீதிபதி, பொது விதிப்படி, குறைந்தது 25 வயது நிரம்பியவராகவும், உரிமம் பெற்ற வக்கீலாகவும், தேர்தலுக்கு முந்திய நான்கு வருஷங்கள் வக்கீல் தொழிலோ நீதிபதி உத்தியோகமோ பார்த்தவராகவும் இருக்க வேண்டும். அத்தொகுப்பின் 25.0003ஆம் பிரிவு அவருக்கு அளிக்கும் பொது அதிகாரத்தில், 500 டாலருக்கு மேற்பட்டுக் குறித்த ஒரு வரம்பு வரையிலான சிவில் வழக்குகளும், சிறு குற்ற வழக்குகளும், தனிப் புரோபேட் நியாயஸ்தலம் இல்லாத கவுண்டிகளில் உயில், வாரிசு விவகாரங்களும் அடங்குகின்றன. குடும்ப வழக்கு அதில் இல்லை. அதை ஒவ்வொரு கவுண்டிக்கும் தனித்தனியே கொடுக்க வேண்டும். 25ஆம் அத்தியாயத்தில் கவுண்டிகளின் பெயர்களை அகர வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் உரிய விசேஷ அதிகாரங்களை அதனதன் பிரிவில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஆகையால் நம் முயற்சியின் முதற் படி, தன் கவுண்டியின் பிரிவை எடுத்து நிதானமாக வாசிப்பதுதான். எதிர்பாராத வகையில் அதிகாரம் முன்பே அளிக்கப்பட்டு, நீதிபதிகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டினால் அது உபயோகமின்றிக் கிடக்கவும் கூடும். அப்போது சட்டசபைக்குப் போக வேண்டியதே இல்லை, உள்ளூர் விதிகளை மாற்றினால் போதும். பிரிவில் குடும்ப வழக்கைப் பற்றிய வாசகம் இல்லாவிட்டால், மற்ற வாசகங்களிலிருந்து அதை ஊகித்துக்கொள்ள எவரையும் அனுமதிக்கலாகாது. குடும்பச் சட்டத் தொகுப்பின் 101.008ஆம் பிரிவு, பெற்றோர்-குழந்தை உறவு பற்றிய வழக்கை விசாரிக்கத் தகுந்தவை டிஸ்ட்ரிக்ட் நியாயஸ்தலம், அதற்குச் சமமான அதிகாரமுள்ள சிறார் நியாயஸ்தலம், வெளிப்படையாக அதிகாரம் அளிக்கப்பட்ட பிற நியாயஸ்தலம் ஆகியவையே என்று வரையறுக்கிறது. விசாரிக்கும் அதிகாரம் இல்லாத இடத்தில், வாதியும் பிரதிவாதியும் மனமொப்பிச் சம்மதித்தாலும், அந்தச் சம்மதத்தால் அதிகாரம் பிறக்காது. அங்கே எழுதப்பட்ட தீர்ப்பு செல்லாதது. அத்தகைய தீர்ப்பை நம்பி மறுமணம் செய்துகொண்டவரின் கதியையும், அதை நம்பித் தத்தெடுக்கப்பட்ட குழந்தையின் கதியையும் நினைத்தால், ஒரு வரி வாசகத்துக்காக இவ்வளவு சிரத்தை எடுப்பது மிகையாகத் தோன்றாது.

இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இவ்விடத்தில் ஒரு விஷயத்தைக் கவனத்தில் வைக்க வேண்டும். அங்கே 1984ஆம் வருஷத்துக் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின்படி குடும்ப நீதிமன்றம் ஓரிடத்தில் ஏற்பட்டுவிட்டால், அவ்வகை வழக்குகளில் மாவட்ட நீதிமன்றத்துக்கு அதுவரை இருந்த அதிகாரம் நீங்கிவிடுகிறது. வக்கீல் வைத்துக்கொள்வதும் அங்கே உரிமையாகக் கோரத் தக்கதன்று. டெக்ஸாஸில் கவுண்டி கோர்ட் அட் லாவுக்குக் கொடுப்பதோ டிஸ்ட்ரிக்ட் நியாயஸ்தலத்தோடு ஒருங்கே நிற்கும் அதிகாரம். ஒன்றுக்குக் கொடுத்ததால் மற்றொன்றுக்குக் குறைவதில்லை, வக்கீல் மூலம் வாதிடும் உரிமையும் மாறுவதில்லை. இந்த விஸ்தரிப்பினால் வழக்கின் சாரமும் மாறாது. விவாகரத்துக் கோருபவர்களில் ஒருவராவது மாநிலத்தில் ஆறு மாதமும் கவுண்டியில் 90 நாளும் வசித்திருக்க வேண்டும். மனுத் தாக்கலான பிறகு பொதுவாக 60 நாள் கழியாமல் தீர்ப்பில்லை. கடல் கடந்து கொண்டுபோகப்பட்ட குழந்தையின் விஷயத்தில், எந்த நாட்டு நியாயஸ்தலம் விசாரிக்கலாம் என்பதைக் குடும்பச் சட்டத் தொகுப்பின் 152ஆம் அத்தியாயம் நிர்ணயிக்கிறபடியால், அந்தச் சிக்கலும் இதனால் கூடவோ குறையவோ செய்யாது.

மசோதாவின் வாசகத்தை எழுதிக் கொடுப்பது டெக்ஸாஸ் லெஜிஸ்லேட்டிவ் கவுன்ஸிலின் வேலை. மசோதாவைக் கொண்டுவரும் சட்டசபை அங்கத்தினர் கேட்டுக்கொண்டால் அங்குள்ள நிபுணர்கள் செய்து தருவார்கள். ஆயினும் நாம் வேண்டுவது இன்னதென்று தெளிவாகச் சொல்லாவிட்டால், அண்டைக் கவுண்டியின் பிரிவை அப்படியே பிரதி செய்தாற்போன்ற வாசகம் கைக்கு வரும். 25ஆம் அத்தியாயத்தில் ‘குடும்பச் சட்ட வழக்குகள்’ என்பதற்குக் குடும்பச் சட்டத் தொகுப்பின் 1, 2, 4, 5ஆம் பாகங்களில் எழும் வழக்குகள் என்று பொருள் வகுத்திருக்கிறார்கள். திருமணம், விவாகரத்து, தம்பதிகளின் சொத்து ஆகியவை முதற் பாகத்திலும், பாதுகாப்பு உத்தரவு நான்காவதிலும், குழந்தைகளின் பராமரிப்பு, ஜீவனாம்சம், தத்து, பெற்றோர் உரிமை நீக்கம் ஆகியவை ஐந்தாவதிலும் வருகின்றன. மூன்றாம் பாகமாகிய சிறார் குற்ற விவகாரம் இதில் சேராது. அதற்குத் தனிச் சொற்றொடரும் தனி வரையறையும் உண்டு. ஒரே நீதிபதி ஒரு குடும்பத்தின் விவகாரம் முழுவதையும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள், சிறார் வழக்கு அந்த நியாயஸ்தலத்தில் நடைபெறுகிறதா என்பதையும் கூடவே விசாரித்து, வேண்டுமாயின் அதற்கும் வாசகம் கேட்க வேண்டும்.

அதிகாரத்தை அளிக்கும் வாக்கியத்தை அடுத்து இன்னும் இரண்டு வாக்கியங்களைக் கேட்டு வாங்க வேண்டும். ஒன்று, தஸ்தாவேஜுகளை யார் வைத்திருப்பது என்பது. கவுண்டி நியாயஸ்தலத்தின் ரிகார்டுகள் கவுண்டி கிளார்க்கிடமும், டிஸ்ட்ரிக்ட் நியாயஸ்தலத்தின் ரிகார்டுகள் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடமும் இருக்கும். இருவரும் ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட தனித்தனி உத்தியோகஸ்தர்கள், அவரவர் காரியாலயத்துக்கு அவரவரே எஜமானர். குடும்ப வழக்குகள் கவுண்டி கோர்ட் அட் லாவில் நடந்தாலும் அவற்றுக்கு டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கே கிளார்க்காக இருப்பார் என்று பல கவுண்டிகளின் பிரிவுகளில் எழுதியிருக்கிறார்கள். அதுவே உத்தமமான ஏற்பாடு. விவாகரத்துத் தீர்ப்பு ஒரு காரியாலயத்திலும் அதன் பின் எழுந்த ஜீவனாம்ச உத்தரவு மற்றொன்றிலும் சிதறிக் கிடந்தால், பத்து வருஷத்துக்குப் பிறகு நகல் தேடி வருகிறவர் எந்த ஜன்னலில் நிற்பதென்று தெரியாமல் தவிப்பார்.

மற்றொன்று ஜூரர்களின் எண்ணிக்கை. விவாகரத்தில் குழந்தை தாயோடு வசிப்பதா தந்தையோடு வசிப்பதா என்பதை ஜூரியைக் கொண்டு தீர்த்துக்கொள்ளும் உரிமை டெக்ஸாஸில் உண்டு. அவ்விஷயத்தில் ஜூரியின் முடிவுக்கு மாறாக நீதிபதி தீர்ப்பெழுத முடியாது. ஜீவனாம்சத் தொகையும், குழந்தையைப் பார்க்கும் நாள் நேர விவரங்களும் நீதிபதியின் பொறுப்பு. இவ்வளவு பாரமான கேள்வி ஜூரியிடம் போவதால், ஜூரர்கள் எத்தனை பேர் என்பது அற்ப விஷயமாகாது. அரசியல் சட்டம் டிஸ்ட்ரிக்ட் நியாயஸ்தலத்துக்கு 12 பேரையும் கவுண்டி நியாயஸ்தலத்துக்கு 6 பேரையும் வகுத்தது. கவுண்டி கோர்ட் அட் லா டிஸ்ட்ரிக்ட் நியாயஸ்தலத்தோடு சமமாக விசாரிக்கும் வழக்குகளில் நடைமுறையும் சாட்சிய விதிகளும் டிஸ்ட்ரிக்ட் நியாயஸ்தலத்துக்கு உரியவையே என்று 25ஆம் அத்தியாயம் கூறினாலும், ஜூரர் எண்ணிக்கையை மாத்திரம் அந்தப் பொது விதியினின்று விலக்கிவைத்திருக்கிறது. சிவில் வழக்கில் பன்னிருவரில் பதின்மர் ஒத்தாலும், அறுவரில் ஐவர் ஒத்தாலும் முடிவு செல்லும். குடும்ப வழக்கில் ஜூரர் 12 பேர் என்று தன் பிரிவில் எழுதிக்கொண்ட கவுண்டி விவேகமான காரியம் செய்திருக்கிறது. பிள்ளையின்மேல் தனக்குள்ள உரிமையை அடியோடு இழக்கப் போகும் ஒரு தாய், எந்தக் கூடத்தில் வழக்கு விழுந்தது என்ற தற்செயலால், பன்னிருவருக்குப் பதில் அறுவரின் முன் நிற்க நேர்வது தகாது.

இனிக் காலக் கணக்கு. டெக்ஸாஸ் சட்டசபை ஒற்றை எண் வருஷங்களில் ஜனவரி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை கூடி, அதிகபட்சம் 140 நாள் நடந்து கலைகிறது. ஆகவே முந்திய இரட்டை எண் வருஷத்தின் கோடைக்குள் கவுண்டியில் ஒத்த அபிப்பிராயம் ஏற்பட்டுவிட வேண்டும். கமிஷனர்கள் சபையின் தீர்மானம் சட்டப்படி கட்டாயமன்று என்றாலும், டிஸ்ட்ரிக்ட் நீதிபதி, கவுண்டி கோர்ட் அட் லா நீதிபதி, இரண்டு கிளார்க்குகள், உள்ளூர் வக்கீல் சங்கம் ஆகியோரின் சம்மதக் கடிதங்களோடு அத்தகைய தீர்மானத்தைக் கொண்டுபோகிற அங்கத்தினருக்குக் கமிட்டியில் எதிர்ப்பு எழுவது அரிது. கமிஷனர்கள் சபையின் கூட்டங்கள் பகிரங்கமானவை. அங்கே எழுந்து பேசக் குடிமக்களுக்கு இடமுண்டு. நம்மவர்கள் பெரும்பாலும் தயங்கி ஒதுங்கும் இடமும் அதுவே. தயக்கத்துக்குக் காரணம் ஒன்றுமில்லை. மசோதா இரு சபைகளிலும் கமிட்டியைக் கடந்து, மூன்று வாசிப்பும் முடிந்து, கவர்னரின் கைக்குப் போகும். இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தாலன்றிச் சபை கலைந்து 90 நாள் கழியாமல் அமலுக்கு வராது. பெரும்பாலான சட்டங்களுக்குச் செப்டம்பர் 1ஆம் தேதியே அமல் தேதியாகக் குறிக்கப்படுகிறது. ஒற்றைக் கவுண்டிக்கெனத் தனி மசோதா வராமல், பல நியாயஸ்தலங்களின் திருத்தங்களையும் திரட்டிய பெரிய மசோதா ஒன்றில் நம் பிரிவு ஓர் அங்கமாகச் சேர்வதும் வழக்கம். அப்பொழுது அந்த மசோதாவின் கதியோடு நம்முடையதும் கட்டுண்டுவிடுவதால், தனி மசோதாவையும் கைவிடாமல் உடன் நடத்திவருவது ஜாக்கிரதையான முறை.

பண விஷயத்தை மறைக்காமல் பேசுவது நல்லது. டிஸ்ட்ரிக்ட் நீதிபதிக்கு அடிப்படைச் சம்பளம் மாநிலம் தருவது. கவுண்டி கோர்ட் அட் லா நீதிபதிக்குச் சம்பளம் கவுண்டி தருவது, மாநிலம் அதில் ஒரு பங்கை ஈடுசெய்கிறது. புதிய டிஸ்ட்ரிக்ட் நியாயஸ்தலம் வேண்டுமென்றால் மாநிலக் கஜானாவில் கை வைக்க வேண்டும்; இருக்கிற கவுண்டி கோர்ட் அட் லாவுக்கு அதிகாரத்தைக் கூட்டுவதற்கு அத்தனை செலவில்லை. சட்டசபை இதைச் சுலபமாக அளிப்பதற்கு அது ஒரு காரணம். நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியதற்கும் அதுவே காரணம். அதிகாரம் வந்த மறுநாள் அந்த நியாயஸ்தலத்துக்கு வேண்டியவை பல: சாட்சியத்தைச் சொல்லுக்குச் சொல் எழுதும் கோர்ட் ரிப்போர்ட்டர், வழக்குப் பட்டியலைப் பராமரிக்கும் உதவியாளர், டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கின் காரியாலயத்தில் கூடுதல் ஆள், வன்முறை செய்த கணவனும் அடிபட்ட மனைவியும் ஒரே பெஞ்சில் உட்காராமல் காத்திருக்கத் தனித்தனி இடம், அவர்களுக்கு நடுவே நிற்கும் காவலர். இவற்றுக்குக் கவுண்டியின் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு தொகை ஒதுக்கும்படி கேட்காமல் அதிகாரத்தை மாத்திரம் கேட்டு வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பணத்தைவிட அரிய பொருள் நீதிபதியின் நாள். கவுண்டி கோர்ட் அட் லாவின் பட்டியலில் பெரும் பகுதி சிறு குற்ற வழக்குகள்: குடித்துவிட்டுக் கார் ஓட்டியவர்கள், கைகலப்பில் இறங்கியவர்கள், கடையில் களவு செய்தவர்கள். காலையில் ஐம்பது பெயர்களை அடுத்தடுத்துக் கூப்பிட்டு, ஒவ்வொருவருக்கும் சில நிமிஷங்களில் வாய்தாவோ தண்டனையோ சொல்லி அனுப்பும் வேகத்துக்குப் பழகிய கூடத்தில், ஒரு குழந்தை எந்த வீட்டில் வளர வேண்டும் என்ற கேள்வியை அதே வேகத்தில் நுழைத்தால், நாம் டிஸ்ட்ரிக்ட் நியாயஸ்தலத்தில் கண்ட குறையையே இங்கே வேறு கூடத்தில் உண்டாக்கியவர்களாவோம். ஆகவே குடும்ப வழக்குகளுக்கென்று வாரத்தில் குறித்த நாள்கள் வேண்டும். அந்நாளில் குற்ற வழக்குகளை அழைக்கலாகாது. அரசாங்கச் சட்டத் தொகுப்பின் 74.093ஆம் பிரிவின்படி டிஸ்ட்ரிக்ட் நீதிபதிகளும் கவுண்டி கோர்ட் அட் லா நீதிபதிகளும் சேர்ந்து வழக்குகளைப் பங்கிடும் உள்ளூர் விதிகளை இயற்றுகிறார்கள். இந்த நாள் ஒதுக்கீட்டை அவ்விதிகளில் எழுத்தில் பொறித்துவிட்டால், நீதிபதி மாறினாலும் ஏற்பாடு மாறாது. மாநிலத்தின் ஆஃபீஸ் ஆஃப் கோர்ட் அட்மினிஸ்ட்ரேஷனுக்கு ஒவ்வொரு நியாயஸ்தலமும் மாதந்தோறும் அனுப்பும் கணக்குகள் பொதுமக்கள் பார்வைக்கு உரியவை. அவற்றை வாங்கி, நம் கவுண்டியில் எத்தனை குடும்ப வழக்குகள் தாக்கலாகின்றன, எத்தனை தீர்கின்றன, எத்தனை தேங்குகின்றன என்று பார்த்த பிறகே எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்ற பேச்சை எடுக்க வேண்டும்.

எல்லாக் குடும்ப வழக்குகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதும் இங்கே நினைவில் இருக்கட்டும். பாதுகாப்பு உத்தரவு கோரும் மனுவைப் பொதுவாக 14 நாளுக்குள் விசாரணைக்கு எடுக்க வேண்டும். பெற்றோரிடமிருந்து அரசாங்க இலாகா ஒரு குழந்தையை எடுத்துச் சென்றால், 14 நாளுக்குள் இரு தரப்பையும் கேட்கும் விசாரணை நடக்க வேண்டும். தற்காலிகப் பாதுகாவலராக அந்த இலாகாவை நியமித்த உத்தரவுக்கு ஒரு வருஷம் நிறைந்த பின் வரும் முதல் திங்கட்கிழமைக்குள் முழு விசாரணை தொடங்க வேண்டும். விசேஷ காரணம் காட்டினால் 180 நாள் வரை நீட்டலாம். அதற்குள் தொடங்காவிட்டாலோ, வழக்கு தானே தள்ளுபடியாகி, அந்த நியாயஸ்தலத்தின் அதிகாரமும் அற்றுப்போகிறது. அபாயகரமான வீட்டிலிருந்து எடுக்கப்பட்ட குழந்தையின் வழக்கு, நீதிபதிக்கு நாள் ஒழியவில்லை என்ற காரணத்தால் இறந்துபோவதைவிடக் கொடுமையான நிர்வாகப் பிழை வேறிருக்க முடியாது. இவ்வழக்குகளில் வறிய பெற்றோருக்கும் குழந்தைக்கும் கவுண்டிச் செலவில் வக்கீல் நியமிக்க வேண்டியிருப்பதால், அப்பணிக்குத் தயாராயுள்ள வக்கீல்களின் பட்டியல் முதல் நாளே நீதிபதியின் மேஜையில் இருக்க வேண்டும். சிறிய கவுண்டியில் இதுவே கஷ்டமான காரியம். அங்குள்ள வக்கீல்கள் விரல் விட்டு எண்ணத் தக்கவர்கள், அவர்களில் பாதிப் பேர் எதிர்த்தரப்பில் ஆஜராகியிருப்பார்கள்.

நம்மவர்களுக்கு நெருக்கமான ஒரு விஷயம் மொழிபெயர்ப்பாளரைப் பற்றியது. பேரக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்து தங்கிய பாட்டியோ, ஆங்கிலத்தில் அன்றாட வார்த்தைகளுக்கு மேல் பேசப் பழகாத மனைவியோ சாட்சி சொல்ல நேரும்போது, வழக்கில் உள்ள ஒரு தரப்பினர் மனுச் செய்தால் உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளரை நியமிக்க வேண்டும் என்று அரசாங்கச் சட்டத் தொகுப்பின் 57ஆம் அத்தியாயம் விதிக்கிறது. மனுச் செய்யாதவர்களுக்கு அது தானாக வராது. ஸ்பானிஷ் மொழிக்கு ஆள் அகப்படும் எளிமை தமிழுக்கு இராதாகையால், விசாரணைத் தேதி குறித்த உடனே மனுச் செய்துவிட வேண்டும். உறவினர் ஒருவரே எழுந்து மொழிபெயர்க்க முன்வருவது நம் வழக்கம். குடும்ப வழக்கிலோ அந்த உறவினர் யாரோ ஒருவருடைய பக்கத்தைச் சேர்ந்தவராகவே இருப்பார், ஆதலால் அதற்கு இணங்கலாகாது.

சட்டம் அமலுக்கு வந்ததும் எழும் முதற் கேள்வி, டிஸ்ட்ரிக்ட் நியாயஸ்தலத்தில் முன்பே நிலுவையிலுள்ள வழக்குகளை என்ன செய்வது என்பது. குழந்தையைப் பற்றி இறுதி உத்தரவு எழுதிய நியாயஸ்தலத்துக்கே அக்குழந்தையின் விஷயத்தில் தொடர்ந்த தனி அதிகாரம் உண்டு என்று குடும்பச் சட்டத் தொகுப்பின் 155ஆம் அத்தியாயம் கூறுவதால், பழைய தீர்ப்புகளின் திருத்த மனுக்கள் பழைய இடத்துக்கே போகும். புதிய கூடத்தில் நிறைய வழக்குகள் சேரச் சில காலம் பிடிக்கும். ஒருவர் ஆசனத்தில் மற்றவர் அமர்ந்து கேட்கவும், வழக்கைப் பரஸ்பரம் மாற்றிக்கொள்ளவும் கவுண்டியின் பிரிவிலேயே இடம் வைத்திருந்தால், பாதி கேட்ட வழக்கைப் பிடுங்காமல், இன்னும் தொடங்காதவற்றை மட்டும் மாற்றுவது உசிதம். சாட்சியம் தொடங்கிவிட்ட வழக்கை வேறு நீதிபதிக்கு மாற்றுவதனால் மிச்சமாகும் காலத்தைவிட வீணாகும் காலமே அதிகம். கவுண்டி கோர்ட் அட் லாவில் எழுதப்படும் குடும்பத் தீர்ப்பின்மேல் அப்பீல், டிஸ்ட்ரிக்ட் நியாயஸ்தலத்துக்குப் போகாமல், அதன் தீர்ப்புகளைப் போலவே அப்பீல் நியாயஸ்தலத்துக்கு நேராகச் செல்லும். இதை அறியாமல் தீர்ப்பு மேலே திருத்தப்படும் என்று எண்ணிப் பக்கத்துக் கூடத்துக்கு ஓடுகிறவர்கள் உண்டாதலால், டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கின் ஜன்னலில் இதை எழுதி ஒட்டிவைக்கும்படி கேட்டுக்கொள்ளலாம்.

முதல் வருஷம் முடியும்போது மாதக் கணக்குகளை மறுபடியும் எடுத்து, மனுத் தாக்கலான நாளுக்கும் தீர்ப்பான நாளுக்கும் உள்ள இடைவெளி குறைந்திருக்கிறதா, ஒதுக்கிய நாள்களில் குற்ற வழக்குகள் புகுந்திருக்கின்றனவா, எத்தனை குடும்பங்களுடைய எல்லா வழக்குகளும் ஒரே நீதிபதியிடம் சேர்ந்திருக்கின்றன என்பவற்றைக் கிளார்க்கையும் வக்கீல்களையும் கொண்டு விசாரித்து எழுதிவைக்க வேண்டும். வாசகத்தில் குறையிருந்தால் அதைத் திருத்தச் சட்டசபை அடுத்த ஒற்றை எண் வருஷத்து ஜனவரியில்தான் கூடும். அந்தக் குறிப்புகளைக் கமிஷனர்கள் சபையின் முன் அதற்கு முந்திய கோடையிலேயே வைத்துவிடுங்கள்.